வில்லுக்கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்: வன்னியிலிருந்து வெளிநாடு செல்வோருக்கான வழிகாட்டி

மல்லாவியில் எங்கள் வளவில் கத்தி இல்லாத மூலை கிடையாது. கிணற்றடியில் இளநீர் வெட்ட ஒன்று, வேலிக்குக் கதியால் தறிக்கக் காட்டுக்கத்தி ஒன்று, குசினியில் இரண்டு, மாட்டுக்கொட்டில் கூரையில் செருகிய அரிவாள் ஒன்று, அப்புவின் வெற்றிலைப் பைக்குள் பாக்குவெட்டி ஒன்று என்று எண்ணிக்கொண்டே போகலாம். காற்சட்டைப் பைக்குள் ஒரு வில்லுக்கத்தி, அதாவது மடக்குக்கத்தி, கிடந்தால் அதை நாங்கள் கத்தி வைத்திருப்பதாகவே நினைப்பதில்லை. திறப்புக்கோர்வையைப் போல அதுவும் ஒரு சாமான், அவ்வளவுதான். அந்த நினைப்போடு பிரித்தானியாவுக்குப் போனதால், இலண்டன் புறநகர் ஒன்றில் ஒரு சனிக்கிழமை மாலை தொடங்கி மறுநாள் விடியும் வரை பொலிஸ் நிலைய அறையொன்றில் இருந்தேன்.

நடந்தது இதுதான். நான் ஓர் உணவகக் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தேன். வெங்காயச் சாக்கின் வாயை அறுக்கவும் பெட்டிகளைப் பிரிக்கவும் ஊரிலிருந்து கொண்டுபோன வில்லுக்கத்தியைப் பயன்படுத்தினேன். குசினியில் வைத்தால் களவு போகும் என்று அதை எப்போதும் என் முதுகுப்பையிலேயே வைத்திருந்தேன். அன்று எனக்கு விடுமுறை. நண்பனின் மகளுடைய பிறந்தநாளுக்குப் போகும் வழியில், ரயில் நிலைய வாசலில் உலோகத்தைக் கண்டறியும் வளைவு ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். பையைத் திறந்த அதிகாரி கத்தியை எடுத்து விரித்தார்; அலகு ‘டிக்’ என்ற சத்தத்துடன் பூட்டிக்கொண்டது. எதற்காக இதை வைத்திருக்கிறாய் என்று கேட்டார். கத்தி பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் பையில் வைத்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்த நான், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ‘ஃபோர் சேஃப்டி’ என்றேன். கத்தியின் பாதுகாப்பைச் சொன்னேன். அவர் என் பாதுகாப்பு என்று எழுதிக்கொண்டார். அந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்கு ஐந்து மாதங்கள் எடுத்தன.

இப்போது விடுமுறையில் ஊரில் நிற்கும்போது, படிக்கவும் வேலைக்கும் குடும்பத்தோடு சேரவும் புறப்படும் பிள்ளைகள் விசா, குளிர்ச்சட்டை, வீட்டு வாடகை என்று எல்லாவற்றையும் கேட்கிறார்கள். கத்தியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆகவே கேட்காமலே எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்லன். எனக்குப் பழக்கமான இங்கிலாந்துச் சட்டத்தை விரிவாகவும், எம்மவர்கள் கூடுதலாகப் போகும் பிற நாடுகளின் சட்டத்தைச் சுருக்கமாகவும் தருகிறேன். இச்சட்டங்கள் அடிக்கடி இறுக்கப்படுவதால், பயணத்துக்கு முந்திய வாரம் அந்தந்த அரசின் இணையத்தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. இரண்டு வாரங்களுக்கு முன்னரே உங்கள் பைகளைக் கொட்டிப் பாருங்கள்

கொண்டுபோகப் போகும் ஒவ்வொரு பையையும், அணியப் போகும் ஒவ்வொரு காற்சட்டையையும் பாயில் கவிழ்த்துக் கொட்டுங்கள். வில்லுக்கத்தி மட்டும் வெளியே வராது. திறப்புக்கோர்வையில் தொங்கும் சிறிய அலகு, வேலைக்குப் போன காலத்தில் பையின் பக்கவறையில் போட்ட பெட்டி வெட்டும் கத்தி, தையல் பெட்டிக்குள் சவரப் பிளேற், பிள்ளைகளின் கொம்பாஸ் பெட்டிக்குள் பென்சில் சீவும் அரைப் பிளேற் என்று எல்லாம் வரும். அவற்றை எடுத்து வீட்டில் ஒருவரிடம் கையில் கொடுங்கள். ‘பிறகு எடுத்து வைக்கலாம்’ என்று மேசையில் வைத்தால் பயண அவசரத்தில் அது திரும்பவும் பைக்குள் போய்விடும்.

இதே இரண்டு வாரத்தில்தான் சொந்தக்காரரின் பொதிகளும் வந்து சேரும். ‘அங்கே சித்திக்கு நல்ல காட்டுக்கத்தி ஒன்று வேண்டுமாம், கொல்லனிடம் சொல்லி அடித்து வைத்திருக்கிறேன், கொண்டுபோய்க் கொடு தம்பி’ என்று ஒரு பெரியம்மா கட்டாயம் வருவா. மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள். சுங்கத்தில் அந்தப் பொதி உங்கள் பெயரில்தான் இருக்கும். சித்தியின் பெயரில் இருக்காது. திருவலையும் பாக்குவெட்டியும் வீட்டுப் பாவனைப் பொருட்கள். அவற்றை விமானத்தின் அடியில் போகும் பெரிய பொதியில் வைக்கலாம். அவற்றையும் அங்கே போய்ச் சேர்ந்தபின் வீட்டுக்கு வெளியே கொண்டு திரியக் கூடாது.

2. போகும் நாட்டில் எது தடை, எது நிபந்தனை என்று அறியுங்கள்

பெரும்பாலான நாடுகளில் இரண்டு அடுக்குகள் உண்டு. வைத்திருக்கவே கூடாதவை ஓர் அடுக்கு. வீட்டில் வைத்திருக்கலாம், ஆனால் காரணமின்றி வெளியே கொண்டு திரியக் கூடாதவை மற்றோர் அடுக்கு. எம்மவர்கள் பெரும்பாலும் இரண்டாவது அடுக்கில்தான் மாட்டுகிறார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், அலகோ கூர்முனையோ உள்ள பொருளைத் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருப்பது 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவின்படி குற்றம். அதற்கு நான்கு ஆண்டுகள் வரை சிறையும், உச்ச வரம்பில்லாத தண்டப்பணமும் விதிக்கலாம். ஸ்கொட்லாந்தில் சிறைத்தண்டனை ஐந்து ஆண்டுகள் வரை போகும். ஒரேயொரு விலக்கு உண்டு: மடக்கக்கூடிய, வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்ரிமீற்றருக்கு மேற்படாத பொக்கற் கத்தி. இந்த விலக்கை வாசித்துவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். விரித்தால் பூட்டிக்கொள்ளும் கத்தி, எவ்வளவு சிறியதாயினும், இந்த விலக்குக்குள் வராது. 1990களின் தொடக்கத்திலேயே உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. என் கத்தியின் அலகு மூன்று அங்குலத்துக்கும் குறைவு. அந்த ‘டிக்’ சத்தம்தான் என்னை மாட்டியது. உங்கள் கத்தியை விரித்து, முதுகுப் பக்கத்தை விரலால் மெதுவாக அழுத்துங்கள். ஒரு விசையையோ வளையத்தையோ தொடாமல் மடங்கவில்லை என்றால் அது பூட்டுக்கத்தி.

கூர் இல்லாத கத்திதானே என்ற வாதமும் நிற்காது. வெண்ணெய் பூசும் கத்தியும் அலகுள்ள பொருள்தான் என்று 2005ஆம் ஆண்டு ஒரு வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. ‘பையில் இருந்ததை மறந்துவிட்டேன்’ என்பதும் தனியே ஒரு தகுந்த காரணமாகாது.

வீட்டிலும் வைத்திருக்கக் கூடாதவை வேறு: பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தி, இரு கைப்பிடிகளுக்குள் சுழன்று திறக்கும் கத்தி, பேனா போலவோ இடுப்புப்பட்டி போலவோ மறைத்துச் செய்த கத்தி, அலகு 50 சென்ரிமீற்றருக்குக் குறையாத வளைந்த வாள் ஆகியவை அவற்றுள் சில. 2024 செப்டெம்பர் 24 முதல், ரம்பப் பல், துளைகள், முட்கள் போன்ற அச்சுறுத்தும் அமைப்புகளோடு எட்டு அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுள்ள பெரிய கத்திகளும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. நிஞ்சா வாள் 2025 ஓகஸ்ட் 1 முதல் சேர்ந்தது. சந்தையில் விளையாட்டாக வாங்கிய பாயும் கத்தி ஒன்று பெட்டிக்குள் கிடந்தால், அதை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனடாவில் நாடு முழுவதற்குமான அலகு அளவு எதுவும் இல்லை. ஆனால் பொத்தானாலோ கையை உதறினாலோ திறக்கும் கத்தி தடைசெய்யப்பட்ட ஆயுதம், எல்லையிலேயே பறிப்பார்கள். ஆயுதத்தை மறைத்துக் கொண்டு திரிவது தனிக் குற்றம். ஜேர்மனியில் ஒற்றைக் கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியையும், 12 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட நிலையான அலகுள்ள கத்தியையும் கொண்டு திரியக் கூடாது. வேலைக்காகவோ விளையாட்டுக்காகவோ என்றால் விதிவிலக்கு உண்டு. மற்றப்படி பூட்டிய பெட்டிக்குள் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். தண்டப்பணம் பத்தாயிரம் யூரோ வரை போகலாம். 2024 ஒக்ரோபர் இறுதியில் வந்த திருத்தத்துடன் பொது விழாக்களிலும் தூர ரயில்களிலும் கட்டுப்பாடு மேலும் இறுகியது. நோர்வேயில் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதே பொதுவாகத் தடை. வேலை, காடு மலை சுற்றல் போன்ற நல்ல நோக்கம் இருந்தால் மட்டும் விலக்கு. சுவிஸில் சாதாரண பொக்கற் கத்தியால் தொல்லையில்லை. குத்துவாள் போல இருபுறமும் கூருள்ளவையும் தானாகத் திறப்பவையும் வேறு கதை. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், தற்காப்புக்காக வைத்திருந்தேன் என்பது நியாயமான காரணமாகாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. விக்டோரியா மாநிலத்தில் 2025 செப்டெம்பர் 1 முதல் எங்கள் காட்டுக்கத்தி போன்ற நீண்ட வெட்டுக்கத்தி தடைசெய்யப்பட்ட ஆயுதமாகிவிட்டது. மெல்போர்ணில் இருக்கும் மாமாவுக்குக் காட்டுக்கத்தி கொண்டுபோக நினைப்பவர்கள் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்கவும்.

3. கட்டுநாயக்கவுக்குப் போகும் இரவில் கயிறு அறுத்த கத்தியைத் தேடுங்கள்

வன்னியிலிருந்து விமான நிலையத்துக்கு ஏ-9 வீதியால் வானில் போவது ஓரிரவுப் பயணம். பொதிகளைக் கயிற்றால் வரிந்து கட்டுவோம், கட்டியபின் மிச்சக் கயிற்றை அறுப்போம், அறுத்த கத்தியைக் கைக்கு எட்டிய பைக்குள் போடுவோம். அந்தப் பை பெரும்பாலும் நீங்கள் விமானத்துக்குள் கொண்டுபோகும் கைப்பையாகவே இருக்கும். முறிகண்டியில் வானை நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும்போது கைப்பையை இன்னொருமுறை திறந்து பாருங்கள். கத்தி அகப்பட்டால் வழியனுப்ப வந்தவரிடம் அங்கேயே கொடுத்துவிடலாம். விமான நிலையத்துக்குள் போனபின் கொடுக்க ஆள் இருக்காது.

கைப்பையில் எந்தக் கத்தியும் வேண்டாம். அலகு 6 சென்ரிமீற்றருக்கு மேற்படாத சிறு கத்தரிக்கோலைப் பிரித்தானிய விமான நிலையங்கள் அனுமதிக்கின்றன. இடையில் மாறும் விமான நிலையம் அதையும் பறிக்கலாம் என்பதால், அதையும் பெரிய பொதியில் வைப்பதே நிம்மதி. குசினிக் கத்தியைக் கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால் தடித்த காகித மட்டையால் உறை செய்து, துணியில் சுற்றி, பெரிய பொதியின் நடுவில் வையுங்கள். உண்மையைச் சொன்னால் அதற்கும் தேவையில்லை. பத்துப் பவுணுக்குள் அங்கே நல்ல குசினிக் கத்தி கிடைக்கும்.

4. அங்கே கத்தி வாங்குவது

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குக் கத்தி விற்பது இங்கிலாந்தில் குற்றம். ஆகையால் இருபத்தைந்துக்குக் கீழே தோன்றும் எவரிடமும் கடைக்காரர் அடையாள அட்டை கேட்பார். எங்கள் தேசிய அடையாள அட்டையைப் பெரும்பாலான கடைகள் ஏற்பதில்லை. கடவுச்சீட்டைக் காட்டலாம்; ஆனால் ஒரு கரண்டிக் கடைக்குக் கடவுச்சீட்டைக் கொண்டு திரிந்து தொலைத்தால் அது கத்தியைவிடப் பெரிய தலையிடி. வதிவிட அட்டைகள் 2024 முடிவோடு காலாவதியாகி, இப்போது விசா இணையவழிப் பதிவாக மட்டும் இருப்பதால், கையில் காட்ட ஓர் அட்டை வேண்டுமென்றால் பயிலுநர் சாரதி அனுமதிப்பத்திரம் எடுப்பதே நல்ல வழி. குறைந்தது 185 நாட்கள் அங்கே வாழ அனுமதி பெற்றவர்கள் அதற்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நான் பார்த்தபோது கட்டணம் 34 பவுண். இணையத்தில் கத்தி வாங்கினாலும் வாசலில் வந்து வயதைச் சரிபார்த்துத்தான் தருவார்கள். வீட்டில் ஆள் இல்லையென்றால் பொதி திரும்பிப் போகும்.

வாங்கிய கத்தியைப் பொதி பிரிக்காமல், பற்றுச்சீட்டை அதோடு சேர்த்து வைத்து, நேரே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அன்று மாலை வேறெங்கும் போகும் எண்ணம் இருந்தால் கத்தியை இன்னொரு நாள் வாங்குங்கள்.

5. வேலைக்குக் கத்தி தேவைப்படுவோர்

சமையற்காரர், இறைச்சிக் கடையில் நிற்பவர், கம்பளம் விரிப்பவர், களஞ்சியத்தில் பெட்டி பிரிப்பவர், எம்மவர் பெருமளவில் வேலை செய்யும் பலசரக்குக் கடையிலும் பெற்றோல் நிலையத்திலும் நிற்பவர் என்று எல்லோருக்கும் இந்தப் பகுதி பொருந்தும். சட்டம் ‘வேலையில் பயன்படுத்துவதற்காக’ என்பதை ஒரு தகுந்த காரணமாகவே பெயர் சொல்லி ஏற்கிறது. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். மேலும், பிடிபட்ட அந்த நேரத்தில் அந்தக் காரணம் உயிரோடு இருக்க வேண்டும். திங்கட்கிழமை வேலைக்குத் தேவைப்படும் கத்தி சனிக்கிழமை பிறந்தநாள் வீட்டுக்குப் போகும் பையில் இருப்பதற்கு வேலை காரணமாகாது. நான் விழுந்த குழி இதுதான். வேலை முடிந்து வரும் வழியில் நண்பர்களோடு இரண்டு மணித்தியாலம் எங்காவது இருந்துவிட்டு வந்தாலும் அதே குழிதான்.

முதல் தெரிவு, கத்தியை வேலைத்தலத்திலேயே விட்டுவருவது. பூட்டுள்ள ஓர் இழுப்பறையை முதலாளியிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு பூட்டை நீங்களே வாங்கிப் போடுங்கள். கொண்டு போய்வர வேண்டியிருந்தால், வேலை தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். அதற்குச் செலவில்லை. முதலாளி தட்டிக்கழித்தால் கடிதத்தை நீங்களே தட்டச்சிட்டுக்கொண்டு போய்க் கையொப்பம் மட்டும் கேளுங்கள். என் முதலாளி அப்படிக் கேட்டபின்தான் தந்தார். கடிதத்தில் இருக்க வேண்டியவை: நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தலைப்பு, முகவரி, பகலில் யாராவது எடுக்கும் தொலைபேசி எண், கடவுச்சீட்டில் உள்ளபடியே உங்கள் பெயர், உங்கள் வேலை, வேலை நாட்களும் நேரமும், நீங்கள் கொண்டுவரும் கத்திகளின் எண்ணிக்கையும் வகையும், திகதி, கையொப்பமிட்டவரின் பதவி. வேலை நேரம் மாறினால் கடிதத்தையும் மாற்றுங்கள். ஓராண்டு பழைய கடிதத்தைக் காட்டினால் கேள்விகள் கூடும். அது அனுமதிப்பத்திரமல்ல, உங்கள் வாய்ச்சொல்லுக்குத் துணைநிற்கும் ஒரு சாட்சி என்பதை மறக்க வேண்டாம்.

கத்திகளை உறையிட்டு, சுருட்டுப் பையில் கட்டி, முதுகுப்பையின் அடியில் வையுங்கள். சட்டைப் பையிலோ இடுப்பிலோ வைத்தால் எந்தக் கடிதமும் உதவாது.

6. வாகனம்

வீதியில் நிற்கும் உங்கள் காரும் பொது இடத்தில்தான் நிற்கிறது. வீட்டுத்தோட்டம் துப்புரவாக்கப் போன கத்தி டிக்கிக்குள் மாதக்கணக்கில் கிடப்பது எம்மவரிடம் பரவலான பழக்கம். வேலை முடிந்த அன்றே இறக்கிவிடுங்கள்.

7. கோயிலும் காவடியும்

வற்றாப்பளை அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலன்று செடில் குத்திக் காவடி எடுத்தவர்கள் அங்கேயும் எடுக்கிறார்கள். இலண்டன் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேரன்று வீதி நிறையச் சனம் இருக்கும். இங்கிலாந்துச் சட்டம் மதக் காரணத்தையும் பெயர் சொல்லி ஏற்றிருப்பதால், வேலும் செடில் முள்ளும் வாயில் குத்தும் அலகும் தம்மளவில் தடையல்ல. இருந்தாலும் நேர்த்திக்காரர் தனித்தனியே பேருந்தில் கொண்டுபோவதைவிட, கோயில் நிர்வாகமே அவற்றைப் பொறுப்பேற்று உள்ளே வைத்திருந்து அன்று எடுத்துத் தருவது நல்லது. நீங்களே கொண்டுபோக வேண்டியிருந்தால் பட்டில் சுற்றிப் பெட்டியில் வைத்து, விழா அறிவித்தலின் ஒரு படியைக் கூடவே வைத்திருங்கள். நேரே போய் நேரே வாருங்கள். தேங்காய் வெட்டும் கத்தியை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம், அது எந்தக் கோயில் மடப்பள்ளியிலும் இருக்கும்.

8. பிள்ளைகளோடு போகும் பெற்றோர்

பென்சிலைப் பிளேற்றால் சீவும் பழக்கம் எங்கள் பள்ளிக்கூடங்களில் இன்னும் இருக்கிறது. அந்தப் பிளேற் அங்கே பள்ளிக்கு அலகுள்ள பொருளைக் கொண்டுவந்ததாகக் கணக்கிடப்படும். பள்ளி வளாகத்துக்கென்று தனியே ஒரு குற்றம் சட்டத்தில் இருக்கிறது. அதிகாரம் பெற்ற ஆசிரியருக்குச் சந்தேகம் இருந்தால் பிள்ளையின் சம்மதமின்றியே பையைச் சோதிக்கலாம். இங்கிலாந்தில் பத்து வயதிலிருந்து ஒரு பிள்ளையைக் குற்றத்துக்குப் பொறுப்பாளியாக்க முடியும் என்பதால் இதைச் சின்ன விடயமென்று விடாதீர்கள். பென்சில் கூராக்கி ஒன்றை ஊரிலேயே வாங்கிக்கொடுத்து, போகுமுன் ஒரு மாதம் அதைக் கொண்டே சீவிப் பழக்குங்கள். மதியச் சாப்பாட்டோடு மாங்காயும் உப்பும் கொடுத்துவிடும் தாய்மார், வெட்டிக் கொடுத்துவிடுங்கள். கூடவே கத்தி வைக்க வேண்டாம்.

இளைஞர் வயதுப் பிள்ளைகளுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். அங்குள்ள சில நகர்ப்பகுதிகளில் ‘எல்லோரும் வைத்திருக்கிறார்கள், பயத்துக்கு நானும் வைத்திருக்கிறேன்’ என்று ஒரு பையன் சொல்லக்கூடும். சட்டம் அந்தப் பயத்தைக் காரணமாக ஏற்காது. இரண்டாம் தடவை பிடிபட்டால் வயது வந்தவருக்கு ஆறு மாதச் சிறை குறைந்தபட்சத் தண்டனையாக எழுதப்பட்டிருக்கிறது; பதினாறு, பதினேழு வயதினருக்கு அது நான்கு மாதக் காவல்.

9. பொலிஸார் மறித்தால்

ஓடக் கூடாது; கையைச் சட்டைப் பைக்குள் விடக் கூடாது. பையில் வேலைக் கத்தி இருந்தால், அவர்கள் தேடி எடுக்கும்வரை காத்திருக்காமல், ‘வேலைக்கான கத்தி பையின் அடியில் இருக்கிறது, கடிதமும் இருக்கிறது’ என்று முதலிலேயே சொல்லுங்கள். இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் மனனம் செய்து வைத்திருங்கள். பாதுகாப்பு என்று பொருள்படும் எந்தச் சொல்லையும் வாயில் எடுக்காதீர்கள். தற்காப்புக்காக வைத்திருப்பதாகச் சொன்னால், சாதாரணக் கத்திகூட 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தாக்கும் ஆயுதமாகிவிடக்கூடும்.

வழக்கமாகச் சோதிப்பதற்கு நியாயமான சந்தேகம் வேண்டும். ஆனால் வன்முறை நடக்கலாம் என்று கருதி 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அறிவிக்கப்பட்ட இடத்தில் சந்தேகமின்றியே எவரையும் சோதிக்கலாம். அங்கே வாதாடிப் பயனில்லை. சோதித்ததற்கான பதிவை அந்த இடத்திலேயோ மூன்று மாதங்களுக்குள்ளேயோ கேட்டுப் பெறலாம். கேளுங்கள். பின்னர் விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது நாளும் நேரமும் அதில்தான் இருக்கும்.

கைதானால் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: இலவசச் சட்டத்தரணி, தமிழ் மொழிபெயர்ப்பாளர், வெளியே ஒருவருக்கு அறிவித்தல். மூன்றுக்கும் நீங்கள் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. விசா வகையும் வருமானமும் பார்க்கமாட்டார்கள். சட்டத்தரணி வரப் பிந்தும் என்று சொல்வார்கள், பிந்தட்டும். நானும் முதலில் ‘சின்ன விடயம்தானே, வேண்டாம்’ என்றேன். இரவுப் பணிக்கு வந்த ஒரு பெண் அலுவலர், மொழி விளங்காமல் கையொப்பம் வைக்காதே என்று சைகையால் காட்டியதால்தான் கேட்டேன். பொதுவாகக் குற்றம் சாட்டாமல் 24 மணித்தியாலம் வரை வைத்திருக்கலாம். கைப்பேசியை எடுத்துவிடுவார்கள் என்பதால் ஓர் எண்ணையாவது மனதில் வைத்திருங்கள். எனக்கு அங்கிருந்த எவருடைய எண்ணும் நினைவில் இல்லை, மல்லாவி வீட்டு எண் மட்டும்தான் தெரிந்தது.

‘எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறோம், ஒப்புக்கொள்’ என்று சொன்னால் அது வாய் எச்சரிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். முறையான எச்சரிக்கையை ஏற்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும், பதிவில் ஏறும். முதியோர் இல்லத்திலோ பள்ளியிலோ வேலைக்குப் போகும்போது கேட்கும் பின்னணிச் சான்றிதழில் அது தோன்றக்கூடும். சட்டத்தரணியோடு பேசாமல் ஏற்க வேண்டாம்.

10. விசாவும் பத்திரங்களும்

தண்டனை பன்னிரண்டு மாதச் சிறையையோ அதற்கு மேலோ எட்டினால், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளிநாட்டவரை நாடு கடத்துவது பொது விதி. அதற்குக் குறைந்த தண்டனையும் விசா நீடிப்பிலும் நிரந்தர வதிவிடத்திலும் குடியுரிமையிலும் கேள்வியாக வரும். கேட்டதை மறைப்பது இன்னும் மோசம். பொய்யுரைத்ததற்காக விசா மறுக்கப்பட்டால் பத்து ஆண்டுகள் வரை விண்ணப்பங்கள் தள்ளப்படலாம். இலங்கைப் பொலிஸார் தரும் நற்சான்றிதழ் இலங்கையில் நடந்ததை மட்டுமே காட்டும், அதைக் காட்டி இதை மூட முடியாது.

ஆகவே ஒரு கோப்பு வையுங்கள். சோதனைப் பதிவு, காவலில் வைத்த பதிவின் படி, சட்டத்தரணியின் பெயரும் கடிதங்களும், முதலாளியின் கடிதம், அன்றைய வேலை அட்டவணை, இறுதியில் வரும் முடிவுக் கடிதம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். முடிவுக் கடிதம் தானாக வரும் என்று இருக்காதீர்கள், எனக்கு வரவில்லை. மேலதிக நடவடிக்கை இல்லை என்று தொலைபேசியில் சொன்னதோடு விட்டுவிட்டார்கள். அதை எழுத்தில் பெறச் சட்டத்தரணி இரண்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது. எட்டு மாதங்களுக்குப் பின் விசா நீடிப்புப் படிவத்தை நிரப்பும்போது அந்த ஒற்றைத் தாளைத்தான் இணைத்தேன். பணமாக எனக்குப் போனது இரண்டு நாள் சம்பளமும் ரயில் காசும் மட்டுமே. ஐந்து மாத நித்திரையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

11. ஏற்கெனவே அங்கே வைத்திருப்பவர்கள்

தடைசெய்யப்பட்ட கத்தி ஒன்று வீட்டில் இருப்பதை இப்போதுதான் உணர்கிறீர்கள் என்றால், அதைக் குப்பையில் போடவோ இன்னொருவருக்குக் கொடுக்கவோ வேண்டாம். பல ஊர்களில் கத்தி ஒப்படைக்கும் இரும்புத் தொட்டிகள் வைக்கப்பட்டிருக்கின்றன, பெயர் கேட்கமாட்டார்கள். தொட்டிக்குக் கொண்டுபோகும் வழியிலும் அது பொது இடத்தில்தான் இருக்கிறது என்பதால், முன்னதாகப் பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, தடித்த மட்டையில் சுற்றி நாடாவால் ஒட்டி, பகல் வேளையில், வீட்டிலிருந்து நேரே அங்கே கொண்டுபோங்கள். என் வில்லுக்கத்தியைத் திரும்பக் கேட்கும் படிவம் ஒன்றும் தந்தார்கள். அதை நான் நிரப்பிக் கொடுக்கவில்லை.